இரண்டாவது ஆளின் நேரம்

மலைச் சைக்கிள் என்று சொல்லித்தான் விற்றான் கடைக்காரன்.
கீழக்கரையில் எந்தப் பக்கம் திரும்பினாலும்
உயரமாய் நிற்பது பனை,
அதற்கு மேல் செல்போன் கோபுரம்.
"கச்சான் இருக்குல்ல சதக்கு,
ஆனி மாசம் அதுல ஏறிப் பாரு,"
என்றான் சந்தியாகு.

நாலு நாள்.
மண்டபத்தில் தொடங்கி வளைந்து சுற்றி
மூக்கையூரில் முடியும்.
இருவர் ஓர் அணி.
நடுவில் இரண்டு நிமிடத்துக்கு மேல் விழுந்தால்
ஒரு மணி நேரம் தண்டம்.
கடிகாரம் நிற்பது
இரண்டாவது ஆள் கோட்டைத் தாண்டும்போதுதான்.
முதலில் வருகிறவன் வெறும் தகவல்.

குன்னூர் அணி எங்களிடம் கேட்டது:
"இறக்கம் எங்க வருது?"
"கடலுக்குள்ள," என்றான் இவன், சிரிக்காமல்.

முதல் நாள் முழுக்க மணல்.
கட்டைவிரல் புதையும்வரை டயரின் காற்றை இறக்கினோம்.
நாலு நாளும் எதிர்காற்று என்று அன்றே புரிந்துபோனது.
பாதை வகுத்தவன்
ஒரு நாளும் வள்ளம் ஏறியிருக்க மாட்டான்.
இருபது பனைக்கு அவன் முன்னால்,
பத்துப் பனைக்கு நான்.
காற்றை அவன் முதுகு தின்ற மிச்சம்தான் எனக்கு.
என் முறை வந்ததும் அவன் எண்ணுவது கேட்கும்,
ஒன்பதை இரண்டு தரம் சொல்வான்,
நான் கவனிக்கவில்லை என்று நினைத்து.

இரண்டாம் நாள் சீமைக்கருவை.
ஐந்து முள், ஐந்தும் என் பின்சக்கரத்தில்,
ஒரே டியூபில் ஐந்து ஒட்டு.
ஒவ்வொரு தரமும் குப்புறக் கவிழ்த்த சைக்கிளைப் பிடித்தபடி
மேற்கே பார்த்து நின்றான்,
ஒன்றும் சொல்லாமல்.
திட்டியிருந்தால் தேவலை.

பெரியபட்டினம் பள்ளிக்கூடத்தில் படுக்கை.
ஆளுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர்.
நான் ஒளு செய்யக் கையைச் சாய்த்தபோது
கீழே சங்கிலியை நீட்டினான்.
"வீணாப் போகுதேன்னுதான்.
தப்பாடா?"
தப்பில்லை என்று கொஞ்சம் கூடவே ஊற்றினேன்.
பல்லிடுக்கு மணல் கரைந்து போனது.

வாலிநோக்கம் உப்பளத்தில்
அவன் போய்விட்டான்.
வெள்ளை வரப்பு, வெள்ளைப் பாத்தி, வெள்ளை வானம்.
பனை இல்லாத இடத்தில் தூரத்தை எதால் அளப்பது?
ஒரு கறுப்புப் புள்ளி, பிறகு அதுவும் இல்லை.
புட்டியில் தண்ணீர் தீர்ந்ததும் பாட்டு முணுமுணுத்தேன்,
அதுவும் பாதியில் தீர்ந்தது.
சாவடியில் நின்றிருந்தான்.
மூன்று நிமிடம் நாற்பது வினாடி.

"ஏன் திரும்பிப் பாக்கல?"
"பாத்தா வேகம் போயிரும்."
"சரி."
அன்று ராத்திரி பாறைமீன் குழம்பு நன்றாகத்தான் இருந்திருக்கும்.

நாலாம் நாள் விடியுமுன்
ஐந்து ஒட்டு டியூபை எடுத்தான்,
ஒரு முனை அவன் இருக்கைத் தண்டில்,
மறு முனை என் கைப்பிடியில்.
நங்கூரத்துக்குப் போடும் முடிச்சு.
மன்னிப்பென்று அதற்குப் பெயர் வைக்க எனக்கு மனமில்லை,
ஆனால் இழுத்தான்.
முப்பது கிலோமீட்டர் அந்த ரப்பர் விறைத்தது, தளர்ந்தது,
விறைத்தது.

கன்னிராஜபுரம் தாண்டி, தேரி மண்ணில்,
அவன் தொடை பிடித்துக்கொண்டது.
கடலில் நாலு பேர் வலையைத் தனியாய் ஏற்றுகிற ஆள்
"அம்மாடி" என்றான்.
இறங்கித் தேய்த்தேன்.
முடிச்சுகளை இடம் மாற்றினேன்.
நான் முன்னால்.
அவன் இவ்வளவு கனமா?
நான் இவ்வளவு கனமாகவா இருந்தேன்
இத்தனை நேரம்?
கச்சான் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளியது.
பத்துப் பனை எண்ணினேன்.
ஒன்பதை எத்தனை தரம் சொன்னேனோ.

பதினோரு அணியில் ஒன்பதாவது.
"இதுல யார் ரெண்டாவது?" என்று கேட்டார் குறிப்பெழுதுகிறவர்.
டியூபைக் காட்டினோம்.
அவர் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.
யோசித்து இரண்டு பெயருக்கும் ஒரே நேரம் எழுதினார்,
தண்டத்தையும் சேர்த்து.

முடிச்சு இறுகிப்போயிருந்தது.
கத்தி எடுத்தேன், விடவில்லை,
பல்லால் அவிழ்த்தான்.

போன திங்கள் துறைக்குப் போனேன்.
வள்ளத்தில் என்ஜின் மூடியை
அதை வைத்துத்தான் கட்டியிருக்கிறான்.
குனிந்து எண்ணினேன்.
ஐந்து ஒட்டும் இருக்கிறது.